வண்டி போய்த் திரும்பும் தூரம்: ஃபிராங்கோ கால ஸ்பெயின் கட்டிய விவசாய ஊர்கள்

#1 செங்கல்சூளை

வணக்கம் நண்பர்களே. கட்டடக்கலைப் பகுதியில் எப்போதும் நகரங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். வயல், வாய்க்கால், வீடு, தொழுவம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாவற்றையும் சேர்த்து முழு ஊரையே மேசைமேல் வரைந்து கட்டிய ஒரு முயற்சியைப் பற்றி இங்கே விரிவாகப் பேச ஆசை.

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் 1939 ஏப்ரலில் முடிந்தது. குடியரசு அரசை அந்தப் போரில் வென்று சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் அரசு, அக்டோபரிலேயே தேசியக் குடியேற்ற நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மானாவாரியாகக் கிடந்த நிலத்தைப் பாசன நிலமாக்கி, அங்கே குடும்பங்களைக் குடியேற்றுவது அதன் வேலை. 1971-இல் அதை வேறொரு நிறுவனத்தோடு சேர்க்கும்வரை ஏறத்தாழ 300 புதிய ஊர்கள் எழும்பின. சுமார் 55,000 குடும்பங்கள் அவற்றில் குடியேறின. எப்ரோ, குவாதியானா, குவாதல்கிவிர் என்று பெரிய ஆற்றுப் படுகைகள் எல்லாவற்றிலும் இந்த ஊர்களைப் பார்க்கலாம்.

ஊர் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்தது ஒரு வண்டி. கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் விவசாயி காலையில் வயலுக்குப் போய், வேலை பார்த்து, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். அதனால் வீட்டுக்கும் தூரத்து வயலுக்கும் இடையே சுமார் 2.5 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைத்தார்கள். பாசனப் பகுதியின் வரைபடத்தில் அந்த அளவுக்கு வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஓர் ஊர். இன்றைக்கும் குவாதியானா கரையில் காரில் போனால் ஓர் ஊரின் மணிக்கூண்டு பின்னால் மறைவதற்குள் அடுத்த ஊரின் மணிக்கூண்டு முன்னால் வந்துவிடும்.

அதே வண்டிதான் வீட்டையும் வரைந்தது. மனைக்கு இரண்டு வாசல். முன் வாசல் மனிதர்களுக்கு, நடந்து போகும் தெருவில். பின் வாசல் பெரிய கதவு, வண்டித் தெருவில். பின் கதவைத் திறந்தால் விரிந்த முற்றம், அதன் ஓரமாகத் தொழுவம், வைக்கோல் போடும் இடம், தானிய அறை, கோழிக்கூடு. சாணியும் சேறும் முன்பக்கம் எட்டிப் பார்க்காது. பொதுவாகக் குடியிருக்கும் பகுதியைவிட இந்த முற்றமும் கொட்டகைகளும்தான் அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். வீடு என்பதைவிடக் குடும்பம் தங்கிக்கொள்ளும் பண்ணைக் கட்டடம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இந்த ஊர்களைப் பற்றி வரும் கட்டுரைகளில் வெள்ளைச் சுவர்களின் படங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே குடியேறியவர்கள் இல்லை. வேறு சில கட்டுரைகளில் சர்வாதிகாரம் மட்டும் இருக்கிறது, வீடுகள் இல்லை. எனக்கு இரண்டுமே போதவில்லை. இவற்றில் சில ஊர்கள் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த கிராமக் கட்டடக்கலை என்று உறுதியாக நினைக்கிறேன். நிலத்தைப் பங்கிடாமல் தப்பிக்க அரசுக்கு உதவியவையும் இவைதான். இரண்டையும் சேர்த்தே பேசலாமே.

#2 வாய்க்கால்வரப்பு

நல்ல இழை. நான் பாசனத் துறையில் வேலை பார்த்தவன், அதனால் என் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து. 2.5 கிலோமீட்டர் என்றால் ஒரு நடைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்ப அதே நேரம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே போகிறது. பாசன விவசாயத்தில் ராத்திரி முறை வந்தால் மடை திறக்க நள்ளிரவில் ஓட வேண்டும். அவரவர் வயலிலேயே வீட்டைக் கட்டிக் கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லையே? இத்தாலியில் அப்படித்தானே செய்தார்கள்?

#3 செங்கல்சூளை

ஆமாம். முசோலினி காலத்தில் ரோமுக்குத் தெற்கே பொந்தினோ சதுப்பு நிலத்தை வடித்தபோது வயலுக்கு ஒரு வீடாகத் தனித்தனியே கட்டினார்கள். லித்தோரியா, சபௌதியா போன்ற ஊர்கள் அலுவலகத்துக்கும் சந்தைக்கும்தான். போருக்குப் பிறகு 1950-இன் நிலச் சீர்திருத்தத்திலும் தெற்கு இத்தாலியில் பல இடங்களில் அதே முறையைப் பின்பற்றினார்கள். மத்தேராவுக்குப் பக்கத்தில் லுதோவிகோ க்வரோனி குழு வரைந்த லா மார்தெல்லா மாதிரி கூட்டுக் குடியிருப்புகள் விதிவிலக்கு.

ஸ்பெயினிலும் இந்த வாதம் நடந்தது. சிதறிய வீடுகள் சில இடங்களில் கட்டவும் பட்டன. ஆனால் நிறுவனம் பெரும்பாலும் கூட்டு ஊரையே தேர்ந்தெடுத்தது. குழாய், மின்கம்பி, சாலை எல்லாம் ஓர் ஊருக்குப் போட்டால் போதும், 100 வயல்களுக்கு இழுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில். தென்மேற்கே எஸ்த்ரமதூராவிலும் தெற்கே ஆந்தலூசியாவிலும் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெரிய ஊர்களில் சேர்ந்தே வாழ்ந்து பழகியவர்கள், தனி வீட்டில் மாலை நேரத்தைத் தள்ளுவது அவர்களுக்குக் கொடுமை.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லோரும் ஒரே ஊரில் இருந்தால் பாதிரியாருக்கும் காவலருக்கும் நிறுவன அதிகாரிக்கும் கண்ணில் படுவார்கள். அதையும் விட்டுவிட முடியாது.

#4 கரிசல்மண்

செங்கல்சூளை சொன்ன கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கட்டடம் எனக்குத் தெரியாது, வரலாறு கொஞ்சம் படித்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்த்துகல் எல்லையில் இருக்கும் பதாஹோஸ் மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் வைத்திருந்த சில குடும்பங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு ஜோடி கோவேறு கழுதை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு, நிலத்தை அடுத்தவரிடம் வாரத்துக்கும் குத்தகைக்கும் கேட்டு நிற்கும் உழவர்கள், அவர்களுக்கும் கீழே நாள்கூலிகள். குடியரசு ஆட்சி 1932-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டது. அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. பொறுத்துப் பார்த்த உழவர்கள் 1936 மார்ச் 25 அன்று விடியற்காலையில் மாகாணம் முழுக்க ஒரே நேரத்தில் பெரும் பண்ணைகளுக்குள் நுழைந்து, உழுது, நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 60,000 பேர். ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 14-இல், ஃபிராங்கோ தரப்புப் படை பதாஹோஸ் நகரத்தைப் பிடித்தது. அதற்கடுத்த நாட்களில் நடந்த கொலைகள் அந்தப் போரின் மிகக் கொடிய பக்கங்களில் ஒன்று. உழவர்கள் எடுத்த நிலம் பழைய முதலாளிகளிடமே திரும்பிப் போனது.

அதே மாகாணத்தில்தான் 1952 ஏப்ரலில் பதாஹோஸ் திட்டம் என்ற பெயரில் குவாதியானா நதிக்கு அணைகளும் வாய்க்கால்களும் புதிய ஊர்களும் அறிவிக்கப்பட்டன. திட்டங்களிலேயே பெரியது அது. செய்திப் படங்களில் ஃபிராங்கோ புது வீட்டுச் சாவியைக் கொடுப்பார், மக்கள் கைதட்டுவார்கள்.

நிலம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1949 சட்டப்படி பாசனத்துக்கு வரும் நிலம் மூன்று வகை. ஏற்கெனவே பாசனம் உள்ளது போன்ற விலக்குப் பெற்ற நிலம். உடைமையாளர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் நிலம். மிச்சமிருப்பது உபரி. அந்த உபரியை மட்டும் விலை கொடுத்து வாங்கிக் குடியேற்றக்காரர்களுக்குப் பிரித்தார்கள். தனக்கென்று வைத்துக்கொண்ட பெரிய உடைமையாளருக்கு என்ன கிடைத்தது? நேற்றுவரை ஆடு மேய்ந்த புன்செய் நிலம், பெரும்பாலும் அரசுச் செலவில் நன்செய்யாக மாறியது. மதிப்புப் பல மடங்கு ஏறியது. பக்கத்திலேயே புது ஊர் வந்ததால் அறுவடைக்குக் கூலியாளும் கிடைத்தார்கள்.

ஆகவே இதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீர்திருத்தம் வராமல் இருக்கக் கொடுத்த ஈடு இது.

#5 தாழ்வாரம்

கரிசல்மண், நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஈட்டைக் கட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் கட்டடக்கலைப் பிரிவுக்கு ஹோசே தாமெஸ் அலர்கோன் தலைவர். அவர் வெளியிலிருந்தும் கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு ஊர்களை ஒப்படைத்தார். அலெஹாந்த்ரோ தெ லா சோத்தா, ஹோசே லூயிஸ் ஃபெர்னாந்தெஸ் தெல் ஆமோ, கார்லோஸ் அர்னிச்செஸ், அப்புறம் அன்தோனியோ ஃபெர்னாந்தெஸ் ஆல்பா என்று போகிறது பட்டியல். மாட்ரிட்டில் ஆடம்பரத் தூண்களும் கோபுரக் கூரைகளும் கேட்ட அரசு, கிராமத்தில் செலவு மிஞ்சக் கூடாது என்று மட்டுமே கேட்டது. இரும்பும் சிமெண்டும் தட்டுப்பாடு. ஊர்க் கொத்தனாருக்குத் தெரிந்த செங்கல் வளைவு, சுண்ணாம்பு, ஓடு இவற்றை வைத்துத்தான் கட்டியாக வேண்டும். அந்த நெருக்கடியில் அவர்கள் எளிமையைக் கற்றுக்கொண்டார்கள்.

செவில்லுக்கு வடக்கே சோத்தா 1952-இல் வரைந்த எஸ்கிவெல் ஊரைப் பாருங்கள். விசிறி வடிவம். மற்ற ஊர்களில் நடுச் சதுக்கத்தில் தேவாலயமும் ஊர்மன்றமும் இருக்கும். இவர் அந்த இரண்டையும் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைக்கும் வீடுகளுக்கும் நடுவில் உள்ள பூங்காவில் நிறுத்திவிட்டார். வழியே போகிறவருக்கு ஊர் முகம் காட்டுகிறது. உள்ளே குடும்பங்கள் அமைதியாக இருக்கின்றன. வீடுகளுக்கு நடுவே நடைபாதைத் தெருக்கள், அவை சந்திக்கும் இடத்தில் கையகலச் சதுக்கம், அதில் நீரூற்று. பெண்கள் குடத்தோடு வந்து நின்று பேசுவதற்கு ஓர் அளவு இருக்கிறது அல்லவா, அந்த அளவு.

நிலச் சட்டத்தை எழுதியவர்கள் வேறு, இந்தச் சதுக்கத்தை வரைந்தவர் வேறு.

#6 கரிசல்மண்

சம்பளம் ஒரே இடத்திலிருந்து வந்தது, தாழ்வாரம். இருந்தாலும் சதுக்கத்தை நான் குறை சொல்லவில்லை.

#7 செங்கல்சூளை

எஸ்கிவெலைச் சொன்னீர்கள், நான் வேகாவியானாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. கசெரெஸ் மாகாணத்தில் மொரலேஹாவுக்குப் பக்கத்தில், 1954-இல் ஃபெர்னாந்தெஸ் தெல் ஆமோ வரைந்தது.

அந்த இடம் முழுக்க என்சினா மரங்கள். ஓக் இனம், சாகாவரம் பெற்ற மாதிரி மெதுவாக வளர்வது, பன்றிகளுக்கு அதன் கொட்டைதான் தீனி. பாசன நிலமாக்கும்போது புல்டோசர் விட்டு மரங்களைச் சாய்த்து, நிலத்தைச் சமன் செய்வார்கள். பாத்தியில் தண்ணீர் ஓட வேண்டுமே, வேறு வழியில்லை. சுற்றிலும் அது நடந்தது. ஊர் வரும் இடத்தில் மட்டும் மரத்தை வெட்டாமல், மரங்களுக்கு இடையே வீடுகளை வைத்தார் அவர். தொலைவிலிருந்து பார்த்தால் பழைய காட்டின் ஒரு துண்டு வயல்களுக்கு நடுவே மிஞ்சி நிற்கிறது, அதற்குள் ஓர் ஊர் இருக்கிறது.

வீட்டு வரிசைகள் பெரிய பெரிய தொகுதிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவில் மரங்களோடு கூடிய பொது வெளி. எல்லா முன்வாசலும் அந்தப் பொது வெளியைப் பார்த்தே திறக்கின்றன. வண்டிகள் வெளிச்சுற்றில், பின்வாசல் பக்கம். குழந்தை வாசலை விட்டு இறங்கினால் கால் படுவது மண்ணும் வேரும், சக்கரம் அல்ல. வீடுகளில் அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. வெள்ளையடித்த சுவர், சிறிய சன்னல், வெயிலுக்குத் தப்ப உள்ளே வாங்கிக் கட்டிய வாசல், மேலே புகைபோக்கி. சில வகை வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, சேர்க்கும் விதத்தை மாற்றி மாற்றி வரிசையை அமைத்திருக்கிறார், அதனால் கண் சலிக்காது.

ஹோவாகின் தெல் பலாசியோ என்ற புகைப்படக் கலைஞர், கின்தெல் என்ற பெயரில் தெரிந்தவர், இந்த ஊரை எடுத்த படங்கள்தான் அதை உலகத்துக்குக் கொண்டுபோயின. 1958-இல் மாஸ்கோவில் நடந்த உலகக் கட்டடக் கலைஞர் மாநாட்டில் வேகாவியானாவைக் காட்டினார்கள். கம்யூனிசத்தை ஒழித்துவிட்டோம் என்று முழங்கிய அரசின் ஊர் மாஸ்கோவில் பாராட்டுப் பெற்றது. 1961-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பியனால் கலைக் கண்காட்சியிலும் தெல் ஆமோவின் ஊர்களுக்குப் பரிசு வந்தது.

#8 வாய்க்கால்வரப்பு

சரி, வீடு கிடைத்தது. என்ன நிபந்தனையில் கிடைத்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நிலம் கைக்கு வருவது என்னவோ இனாம் மாதிரி சிலர் நினைக்கிறார்கள்.

கல்யாணமானவர், பிள்ளைகள் இருந்தால் முன்னுரிமை, விவசாயம் தெரிந்திருக்க வேண்டும், நடத்தைச் சான்று வேண்டும். போரில் எந்தப் பக்கம் நின்ற குடும்பம் என்பதும் அந்தச் சான்றுக்குள் வந்துவிடும். தேர்வானால் பல இடங்களில் 4, 5 ஹெக்டேர் பாசன நிலம், வீடு, ஒரு பசு, ஒரு பெட்டைக் குதிரை, விதை, கருவி. எல்லாமே கடன் கணக்கு. முதல் 5 ஆண்டு பயிற்சிக் காலம். என்ன பயிர் வைப்பது, எவ்வளவு உரம், எப்போது அறுப்பது என்று நிறுவனம் சொல்லும். விளைச்சலில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ஊருக்கு ஊர் மயோரால் என்று ஒரு மேற்பார்வையாளர் இருந்தார், வயலுக்கே வந்து பார்ப்பார். சரியாகச் செய்யாதவரை வெளியேற்றலாம். பயிற்சிக் காலம் தாண்டிய பிறகு நிலத்துக்கும் வீட்டுக்கும் தவணை கட்டத் தொடங்கி, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பட்டா.

வந்தவர்கள் எல்லோருக்கும் நன்செய் விவசாயம் தெரியாது. கோதுமையும் ஆலிவும் பார்த்த கைகள் திடீரென்று பருத்தி, புகையிலை, சோளம், தக்காளி என்று இறங்க வேண்டியிருந்தது. சமன் செய்யும்போது மேல்மண்ணைச் சுரண்டிவிட்டதால் முதல் சில ஆண்டுகள் விளையவே விளையாத வயல்களும் உண்டு. வயலின் ஒரு மூலை மேடாக இருந்தால் தண்ணீர் ஏறாது, மறு மூலையில் தேங்கி வேர் அழுகும். குடும்பமே மண்வெட்டியோடு இறங்கி மண்ணை அள்ளிப் போட்டுத்தான் அதைச் சரிசெய்ய முடியும். அதற்கெல்லாம் கணக்கில் கழிவு கிடையாது.

இந்தக் கட்டத்தில் நிலம் பெறாத இன்னொரு கூட்டமும் ஊரில் இருந்தது. விவசாயத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சின்ன வீடும் அரை ஹெக்டேர் மாதிரி ஒரு தோட்டமும். வரைபடத்தைப் பார்த்தாலே அவர்கள் வீடு எது என்று தெரியும், முற்றம் சுருங்கியிருக்கும்.

#9 தாழ்வாரம்

பெண்கள் பட்ட பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு கட்டி முடிவதற்கு முன்பே பல குடும்பங்களைக் கொண்டுவந்து கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். முதல் ஆண்டுகளில் நிறைய ஊர்களில் வீட்டுக்குள் குழாய் கிடையாது, தெரு ஊற்றிலிருந்துதான் தண்ணீர். மின்சாரமும் பின்னால் வந்தது. எஸ்கிவெலின் சின்னச் சதுக்கத்தை நான் புகழ்ந்தேன், புகழ்ச்சி அப்படியே இருக்கட்டும். அங்கே சுமந்த குடத்தின் கனமும் அதே அளவு உண்மை.

ஆட்சிக் கட்சியின் பெண்கள் பிரிவிலிருந்து ஆசிரியைகள் வண்டியில் ஊர் ஊராக வந்து சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, பக்தி என்று வகுப்பு எடுப்பார்கள். நல்ல மனைவி எப்படி இருக்க வேண்டும் என்ற பாடமும் அதில் அடக்கம். விவசாயத்தில் பாதி உழைப்பு பெண்களுடையது, ஒப்பந்தத்தில் பெயர் கணவனுடையது.

#10 கரிசல்மண்

இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன், இவற்றைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

முதலாவது, செவில்லுக்குக் கீழே குவாதல்கிவிர் சமவெளிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கீழ் குவாதல்கிவிர் வாய்க்கால். 1940-இல் தொடங்கி 1962 வரை வேலை நடந்தது. தொடக்க ஆண்டுகளில் வெட்டியவர்களில் ஆயிரக்கணக்கானோர் அரசியல் கைதிகள். கைதிகளின் வாய்க்கால் என்றுதான் அங்கே இன்றும் சொல்கிறார்கள். கணவனைப் பார்க்க வந்த குடும்பங்கள் முகாமுக்குப் பக்கத்தில் குடிசை போட்டுத் தங்கின, பின்னால் அவையே செவில்லின் புறநகர்க் குடியிருப்புகளாயின. அங்கே வயல் பச்சையாக இருந்தால் அந்தத் தண்ணீர் அவர்கள் வெட்டிய வழியில் வருகிறது.

இரண்டாவது, அலிகாந்தே மாகாணத்தில் சான் இசித்ரோ. போர் முடிந்த 1939 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அல்பதேரா வதைமுகாம் இயங்கியது அந்த ஊர் எல்லைக்குள்தான். தோற்ற குடியரசுத் தரப்பில், நாட்டைவிட்டுத் தப்ப அலிகாந்தே துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்து பிடிபட்ட ஆயிரக்கணக்கானோரை அங்கே அடைத்தார்கள். பசி, தாகம், சுட்டுக்கொலை. உவர் பூத்த நிலம். 1950-களில் அதே உவர் நிலத்தைக் கழுவி விளைநிலமாக்க நிறுவனம் வந்தது. ஊரை வரைந்தவர் வேகாவியானாவை வரைந்த அதே தெல் ஆமோ. ஊர் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். குடிவந்தவர்களுக்குப் பக்கத்து வயலில் என்ன நடந்தது என்று அரசு எதுவும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. அந்த இடம் தெரியாமல் அந்த ஊரின் வரைபடத்தைப் படிக்க என்னால் முடியாது.

#11 ஆலிவ்தோப்பு

புதிய உறுப்பினர். வேலை காரணமாகக் குவாதியானா படுகையில், இப்படிப்பட்ட ஓர் ஊரில்தான் வாடகைக்கு இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், சின்ன ஊர்.

நான் இருக்கும் வீட்டில் தொழுவம் இன்னும் தொழுவமாகவே தெரிகிறது. தீனித் தொட்டியை உடைக்காமல் அதன் மேலே பலகை போட்டுப் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியிருக்கிறார்கள். கயிறு உராய்ந்து வழவழப்பான இரும்பு வளையம் சுவரில் இருக்கிறது. பின் கதவு வண்டிக்குப் போதுமான அகலம், ஆனால் இன்றைய டிராக்டருக்குப் போதாது. அதனால் தெருவில் பாதிப் பேர் அந்தக் கதவை இடித்து இரும்பு ஷட்டர் போட்டுவிட்டார்கள். மீதிப் பேருக்கு முற்றம் இப்போது கார் நிறுத்தும் இடம், அல்லது கல்யாணமான மகனுக்கு எடுத்துக் கட்டிய வீடு.

வீட்டுக்காரரான பெரியவர் இங்கே குழந்தையாக வந்தவர். இந்த ஊர் அழகாக இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் சுவரைப் பற்றிப் பேசவில்லை. அப்பா கூலிக்காரராகச் செத்திருப்பார், நிலக்காரராகச் செத்தார் என்றார். மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டால் இன்றும் முகம் மாறுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், அதில் அவருக்கு முரண்பாடே தெரியவில்லை.

#12 செங்கல்சூளை

ஆலிவ்தோப்பு, நன்றி. இந்த இழைக்கு இதுவரை இல்லாத குரல் அந்தப் பெரியவருடையது. முடிந்தால் அவர் வீட்டின் அளவுகளை எடுத்து வையுங்கள்.

தேவாலயங்களைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தெல் ஆமோ 1952 முதல் 1958 வரை மாட்ரிட்டின் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கு முதல் இயக்குநராக இருந்தவர். அங்கே பழகிய நவீன ஓவியர்களையும் சிற்பிகளையும் இந்த ஊர்த் தேவாலயங்களுக்கு அழைத்துவந்தார். பாப்லோ செரானோ, மனுவேல் ரிவேரா, எர்னாந்தெஸ் மொம்போ, அர்காதியோ பிளாஸ்கோ என்று பின்னால் பெரிய பெயர் வாங்கியவர்கள் பலர். பலருக்கு அப்போது வேலையே இல்லை. தலைநகரத்தின் பணக்காரர்கள் வாங்கத் தயங்கிய கலையை, மாலையில் மண் கால்களோடு வந்து உட்காரும் உழவர் முன்னால் வைத்தார்கள். எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிராமத்துக்கு மட்டமானது போதும் என்று அவர் நினைக்கவில்லை. இந்த ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மரியாதைதான்.

#13 வாய்க்கால்வரப்பு

மரியாதை சரி. கணக்கைப் பார்ப்போம். 4, 5 ஹெக்டேர் என்பது ஒரு குடும்பமும் ஒரு குதிரையும் உழக்கூடிய அளவு. ஊர்கள் முழு வேகத்தில் எழும்பிக்கொண்டிருந்தபோதே அந்த உலகம் போய்க்கொண்டிருந்தது. 1959-இல் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. தொழிற்சாலைகள் மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவோ பக்கம் ஆளை இழுத்தன. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ரயில் ரயிலாகப் போனார்கள். வயலுக்கு டிராக்டர் வந்தது. டிராக்டர் 2.5 கிலோமீட்டரைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும், ஊர்களை இவ்வளவு நெருக்கமாக வைத்ததன் காரணமே போய்விட்டது. டிராக்டரின் விலையை 5 ஹெக்டேரால் அடைக்கவும் முடியாது. அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளைக்குத்தான் நிலம், மற்றவர்கள் கிளம்ப வேண்டியதுதான்.

அதற்காகத் தண்ணீர் வீணாகிவிடவில்லை. இன்று ஸ்பெயினின் ஆலைத் தக்காளியில் பெரும்பங்கு எஸ்த்ரமதூராவில், அதே குவாதியானா வாய்க்கால்களில்தான் விளைகிறது. பக்கத்து மானாவாரிக் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருக்க, பாசனத்தில் இருக்கும் குடியேற்ற ஊர்களில் பல இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. அந்த அளவில் பொறியாளர்கள் செய்தது நின்றிருக்கிறது.

#14 தாழ்வாரம்

இந்த ஊர்கள் வந்ததால் அழிந்த ஊர்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வட கசெரெஸில் கிரனதீயா, மதில் சூழ்ந்த மிகப் பழைய ஊர். கப்ரியேல் இ கலான் நீர்த்தேக்கத்துக்காக 1955-இல் அதைக் கையகப்படுத்தினார்கள். மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, 1964-இல் கடைசிக் குடும்பங்களும் போய்விட்டன. பலர் புதிதாகக் கட்டிய அலகோன் ஊருக்கு வந்தார்கள். ஆனால் தண்ணீர் ஊருக்குள் ஏறவே இல்லை. சுற்றியிருந்த நல்ல வயல்கள் மட்டும் மூழ்கின, மதிலும் வீடுகளும் தீபகற்பம் மாதிரி நீர் நடுவே நின்றுவிட்டன. இன்று போய்ப் பார்க்கலாம், குடியிருக்க அனுமதி இல்லை.

#15 ஆலிவ்தோப்பு

ஒரு கேள்வி. எங்கள் ஊர் வீடுகளைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்க வேண்டும் என்று பேச்சு வருகிறது. ஷட்டர் போடக் கூடாது, மாடி எடுக்கக் கூடாது என்று வந்தால் இங்கே இருப்பவர்கள் கோபப்படுவார்கள். அவர்கள் தவணை கட்டி மீட்ட வீடு. மறுபடியும் வெளியிலிருந்து ஒருவர் வந்து சுவரை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதா?

#16 கரிசல்மண்

வீடு அவர்களுடையது. முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

#17 செங்கல்சூளை

கரிசல்மண்ணோடு பாதி ஒத்துப்போகிறேன். முற்றத்துக்குள் என்ன செய்தாலும் விட்டுவிடலாம். முற்றமே மாறி மாறிப் பயன்படத்தான் கட்டப்பட்டது, ஒரு பசுவுக்கு இரண்டு பசு வந்தால் கொட்டகை நீளும் என்று கலைஞர்களே இடம் விட்டு வைத்தார்கள். ஆனால் பொது வெளி எந்தத் தனி வீட்டுக்கும் சொந்தமில்லை. வேகாவியானாவின் மரங்களையும் எஸ்கிவெலின் நடைபாதைகளையும் கார் நிறுத்த விட்டுவிட்டால் திரும்பி வராது. சட்டம் அதற்கு மட்டும் கண்டிப்பாக இருக்கலாம் என்பது என் கருத்து. தெருப்பக்கச் சுவர் பற்றி ஊர்க்கூட்டம் பேசி முடிவெடுக்கட்டும். சுண்ணாம்பும் மரக்கதவும் வேண்டும் என்று கேட்பவர்கள் அதற்கான செலவையும் தர வேண்டும்.

பேச உட்காருவதற்கு முன் பழைய வரைபடங்களைப் பாருங்கள். நிறுவனத்தின் ஆவணங்கள் மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் சான் ஃபெர்னாந்தோ தெ எனாரெஸில், விவசாய அமைச்சகக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊர் ஊராகத் திட்ட அறிக்கை, வீட்டு வகைகளின் வரைபடம், செலவு மதிப்பீடு எல்லாம் கிடைக்கும். உங்கள் ஊருடையதை வாங்கி, வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். எது கட்டப்பட்டது, எது காகிதத்தோடு நின்றது என்று அவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வதைத் தனி இழையாகப் போடுங்கள்.

#18 ஆலிவ்தோப்பு

கடிதம் எழுதிக் கேட்கிறேன். எங்கள் ஊர் அறிக்கையில் ஒரு கல்யாண மண்டபமும் பேக்கரியும் இருந்ததாகப் பெரியவர் சொல்கிறார், பேக்கரி மட்டும்தான் வந்ததாம். வரைபடம் கிடைத்ததும் அவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.